ஆத்தோடயே போங்க

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு நடந்து போனால் ஐந்து பாலம் தாண்ட வேண்டும். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அம்மன்பேட்டையில் வெட்டாறு, கண்டியூரைக் கடந்ததும் குடமுருட்டி, கடைசியில் காவிரி. நிதானமாக நடப்பவருக்கு மூன்று மணி நேர வழி. ஆறுகளில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஓர் ஐப்பசி மாதத்தில் நான் அந்த வழியில் நடந்தேன். கண்டியூரில் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, பூந்துருத்திக்கு எப்படிப் போவணும்?” என்று கேட்டேன். “ரோட்ட விட்டுருங்க தம்பி. ஆத்தோடயே போங்க, ஊரு வந்துரும்” என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்தச் சொல் என்னை நிறுத்தியது. குடமுருட்டி கிழக்கே ஓடுகிறது. திருப்பூந்துருத்தி மேற்கே இருக்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நடக்கச் சொன்னவர், ‘ஆத்தோட’ என்றுதான் சொன்னார். அவர் சொன்ன ஆற்றில் தண்ணீரோடு கரையும் சேர்ந்திருந்தது; கரைமேல் போகும் ஒற்றையடிப் பாதையும் சேர்ந்திருந்தது. அந்த நாட்களில் ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ‘ராந்தோனர்’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வந்தது. நெடுந்தொலைவு நடப்பதையே விருப்பமாகக் கொண்டவர் என்று பொருள். கைக்கு வந்த தமிழ்ச் சொல் ‘மலையேற்றக்காரர்’. ஆனால் கட்டுரையில் மலை இல்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலை இல்லை, வயல்தான். சரியான சொல்லைத் தேடப் போனதில் இரண்டு மொழிகளின் நடைச் சொற்களையும் அடிவரை தோண்டிப் பார்க்க நேர்ந்தது. இரண்டு இடத்திலும் அடியில் நீர் ஊறியது.

முதலில் பிரெஞ்சுச் சொல். ‘ராந்தோனர்’ நமக்குத் தெரிந்த நடைப்பயணப் பொருளில் புழங்கத் தொடங்கி நூறாண்டைச் சற்றே தாண்டியிருக்கும். அதன் வேர் மிகப் பழையது. பழைய பிரெஞ்சில் ‘ராந்தோன்’ என்றால் வேகம், பாய்ச்சல், அடக்க முடியாத விசை. போர்க்குதிரை பாய்வதும் காயத்திலிருந்து குருதி பீறிடுவதும் வெள்ளம் புரண்டு வருவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அதற்கும் முன்னால், ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பேச்சில் ஓட்டத்தைக் குறித்த ‘ரன்ட்’ என்ற வடிவம் இருந்திருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பியலாளர் பெரும்பாலோர் கருத்து. இன்றைய ஜெர்மனில் ஓடுவதைக் குறிக்கும் ‘ரென்னன்’, ஆங்கிலத்தின் ‘ரன்’ இரண்டும் அதே குடும்பம்.

பாய்ந்து ஓடிய சொல் எப்படி நடக்கத் தொடங்கியது? இடையில் வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். துரத்தப்படும் மான் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. தன் இருப்பிடத்தைச் சுற்றி வட்டமிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வரும். அந்தச் சுற்றோட்டத்தை வேட்டைக்காரர்கள் ‘ராந்தோனே’ என்றார்கள். பின்னால் மனிதர் சுற்றிவரும் நெடும்பயணத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. வேகம் கழன்றது, தொலைவும் திரும்பி வருதலும் மிஞ்சின. வெள்ளமாகப் பிறந்த சொல் எண்ணூறு ஆண்டுகளில் வேகம் தணிந்து, முதுகில் பையும் கையில் தடியுமாக நடப்பவரிடம் வந்து சேர்ந்தது.

அதே ‘ராந்தோன்’ கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்கும் போனது. அங்கேயும் முதலில் பாய்ச்சல்தான். குறி பார்க்காமல் பாய்வது, இலக்கில்லாமல் செல்வது என்று பொருள் நகர்ந்து, கடைசியில் ‘ராண்டம்’ ஆயிற்று. கணக்குப் பாடத்தில் அது வந்தபோது தமிழில் ‘சமவாய்ப்பு’ என்று பெயர் வைத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் சமவாய்ப்பு மாறிகளைப் படிக்கும் கும்பகோணத்துப் பிள்ளை, ஒரு பழைய பிரெஞ்சு வெள்ளத்தின் கடைசிச் சொட்டைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பிரான்ஸில் 1921-இல் நெடுந்தொலைவுச் சைக்கிள் பயணத்துக்கும் ‘ராந்தோனர்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது போன்ற கணக்குகளோடு அந்தச் சைக்கிள் மரபு இன்று நம்மூர் நெடுஞ்சாலைகளிலும் ஓடுகிறது. ஓட்டுபவர்கள் பிரெஞ்சுப் பெயரையே தங்களுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

இனி நம் பக்கம். ‘ஆறு’ என்றால் நதி. ‘ஆறு’ என்றால் வழி. பள்ளியில் இதை ஒரு சொல்லின் இரு பொருள் என்று சொல்லித் தந்தார்கள். உண்மை இன்னும் சுவையானது. நதியைக் குறிக்கும் சொல் பழந்தமிழில் ‘யாறு’. யானை ஆனையானது போல, யாடு ஆடானது போல, யாறும் முதலெழுத்தில் யகரத்தை இழந்து ஆறாயிற்று. உறவு மொழியில் இதற்குச் சான்று இருக்கிறது. தெலுங்கில் யானைக்கு ‘ஏனுகு’, நதிக்கு ‘ஏரு’. அங்குள்ள பாலேரும் முன்னேரும் மானேரும் நம் பாலாற்றின் உறவுக்காரர்கள். வழியைக் குறிக்கும் ஆறு அப்படியில்லை. பழந்தமிழிலேயே அது யகரமில்லாத ஆறு. ஆக, பிறப்பால் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒலி தேய்ந்து தேய்ந்து ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று வந்து விழுந்தது, குடமுருட்டியும் காவிரியும் ஒரே கடலில் போய் விழுவது போல.

நதியாகிய ஆறு பிழைத்துக்கொண்டது. வழியாகிய ஆறு செத்துப்போனது என்றுதான் பலரும் நினைப்பார்கள். சாகவில்லை. ‘அவ்வாறு’ என்று எழுதும்போதும் ‘பின்வருமாறு’ என்று பட்டியல் போடும்போதும் ‘சொன்னவாறே செய்தான்’ என்னும்போதும் அந்தப் பழைய வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறோம். வருமாறு என்றால் வரும் வழி. சொன்னவாறு என்றால் சொன்ன வழி. தமிழ் இலக்கணத்தின் எலும்புக்குள் ஒரு பாதை ஓடுகிறது.

இந்த ஆற்றின் மிக அழகிய பயன்பாடு ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அந்த வகை. நதிப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு நூலைத் திறக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித் திறந்தவன்தான். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைப் பாதி வழியில் பார்க்கிறான். இந்த வழியே போ, இன்னின்ன ஊர் வரும், இன்னார் சோறு தருவார், கடைசியில் இந்த மன்னனைக் காண்பாய் என்று அவனைச் செலுத்துகிறான். கண்டியூர் மதகில் உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்குச் செய்ததும் அதுதான். இன்று மனநல ஆலோசனைக்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று தமிழில் பெயர் வைத்திருப்பவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். துன்பத்தில் இருப்பவருக்கு வழி காட்டுவது என்ற பொருள் அதில் அப்படியே உயிரோடிருக்கிறது.

ஐந்து ஆற்றுப்படைகளில் ஒன்றான பொருநராற்றுப்படை முடத்தாமக்கண்ணியார் பாடியது. அது பொருநனை அனுப்பி வைப்பது சோழன் கரிகாலனிடம். கல்லணை கட்டியவன் என்று மரபு சொல்லும் அதே கரிகாலன். வழியாகிய ஆற்றில் புறப்பட்டவன் நீராகிய ஆற்றைக் கட்டியாண்டவனிடம் போய்ச் சேர்கிறான். புலவர் இதை நினைத்துப் பாடியிருக்க முடியாது. அவர் காலத்தில் நதி யாறாகத்தான் இருந்தது. ஆனால் கல்லணையிலிருந்து கடல்வரை வாழ்ந்த மக்கள் நாவில் இரண்டும் ஒன்றானபோது, அந்தக் கலப்பு அவர்களுக்கு உறுத்தியிருக்காது. மழைக்காலத்தில் வயலெல்லாம் சேறு. மேடாக, காய்ந்து, நிழலோடு இருப்பது ஆற்றங்கரை ஒன்றுதான். ஊருக்குப் போகிறவரும் சந்தைக்குப் போகிறவரும் பிணம் தூக்கிப் போகிறவரும் அதன்மேல்தான் போக வேண்டும்.

‘கால்’ என்ற சொல்லும் இப்படியே. உடம்பில் நடக்கும் உறுப்பு கால். வயலுக்கு நீர் கொண்டு போவதும் கால். வாய்க்கால், கால்வாய் இரண்டிலும் நிற்பது அது. அகராதிகள் இவற்றைத் தனித்தனியாகப் பதிவுசெய்கின்றன. ஆனால் மடை திறந்ததும் தண்ணீர் வரப்போரம் ஊர்ந்து வருவதைப் பார்த்த எவருக்கும் அதைக் கால் என்று சொல்ல விளக்கம் வேண்டியதில்லை. காரைக்கால் என்ற ஊர்ப் பெயரின் முடிவில் இருப்பதும் வாய்க்கால்தான் என்பார்கள். டெல்டாவில் பிரெஞ்சுக்காரர் நேரே ஆண்ட ஊர் அது. 1739-இல் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று கைவிட்டுப் போனது. அரசலாறு அதன் வழியாகத்தான் கடலில் சேர்கிறது. கால் என்று முடியும் அந்த ஊரில் பிறந்த காரைக்கால் அம்மையார், கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும் முறை இந்தக் கலப்பை அப்படியே காட்டும். காவிரிக் கரைப் பிரமதேய ஊர்களில் நிலம் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டிருந்தது. வடக்கு தெற்காகப் போவது வதி. கிழக்கு மேற்காகப் போவது வாய்க்கால். இடையே பிரிவது கண்ணாறு. நடுவில் கிடைக்கும் சதுரம் சதிரம். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, முதல் கண்ணாற்று இரண்டாம் சதிரம் என்று நிலத்தின் முகவரி எழுதுவார்கள். வதி என்பதற்கு நடைவழி என்றும் நீர்வழி என்றும் ஆய்வாளர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த இரட்டைப் பொருளே சரியென்று படுகிறது. வாய்க்கால் வெட்டிய மண்ணைக் கரையில் போட்டால் அதுவே வழி. இங்கே நீருக்குத் தனியாகவும் மனிதருக்குத் தனியாகவும் யாரும் பாதை வகுக்கவில்லை. கண்ணாறு இன்றும் வயற்காட்டுப் பேச்சில் இருக்கிறது.

நடந்தவர்களுக்கு என்ன பெயர்? வழிப்போக்கர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெயர். ‘போக்கு’ என்ற சொல் ஆற்றுக்கும் வரும், ஆற்றுப்போக்கு என்கிறோம். ‘பரதேசி’க்கு ஒரு தனிச் சோகம் உண்டு. வேற்று நாட்டவர் என்ற பொருளில் பிறந்து, கோயில் கோயிலாக நடக்கும் துறவியைக் குறித்து, இன்று வசவாகிவிட்டது. இலத்தீனில் ‘பெரெக்ரினுஸ்’ என்றால் அயலார். அதுவும் இதே பாதையில் போய்ப் பிரெஞ்சில் ‘பெல்ரேன்’ ஆகி யாத்திரிகரைக் குறிக்கிறது. ஒரே பொருளில் புறப்பட்ட இரண்டு சொற்களில் ஒன்றுக்கு மரியாதையும் மற்றதற்கு அவமானமும் கிடைத்தன.

தஞ்சை ஒரு காலத்தில் பரதேசிகளை அவமானப்படுத்தவில்லை. மராட்டிய மன்னர்கள் ராமேசுவரத்துக்குப் போகும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம், கடலோரம் ராஜாமடம், மீமிசல். இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார். எந்தச் சாதியாக இருந்தாலும் வழியில் வருபவருக்குச் சோறு உண்டு. நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியமும் கொடுத்து, எழுந்து நடக்கும்வரை பார்த்துக்கொள்வார்கள். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச் சொல்வார்கள். இருட்டில் வரப்பில் தட்டுத் தடுமாறி வரும் ஒருவர் காதில் அந்த மணி விழுவதை நினைத்துப் பார்க்கிறேன். சத்திரம் என்ற சொல் வடமொழியில் நாள் கணக்கில் அமர்ந்து செய்யும் வேள்வியைக் குறித்த ‘சத்ர’விலிருந்து வந்தது. அமர்தலில் பிறந்த சொல் நடப்பவர்களின் வீடாயிற்று.

அதே வழிகளில் 1930-இல் வேறு வகைச் சோற்றுக் கதை நடந்தது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் சிறை என்று எச்சரித்திருந்தார். வழிப்போக்கருக்குச் சோறிடுவது குற்றமென்று இந்த மண்ணில் அறிவிக்கப்பட்டது! ஊர்க்காரர்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று தெரியாது, எடுத்தவர் பசியாறினார். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்காக எழுதிய பாட்டைத் தொண்டர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

நடப்பவர்கள் பாடிக்கொண்டே போவதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே உண்டு: வழிநடைச் சிந்து. காவடி எடுத்துப் போகிறவர்கள் வழியில் காணும் ஊரையும் சோலையையும் குளத்தையும் அடுக்கிப் பாடும் பாட்டு. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை அறிந்தவர்களுக்கு இந்த வகையும் தெரிந்திருக்கும். நான் தேடிக்கொண்டிருந்த சொல் இந்தப் பெயரில் இருந்தது. வழிநடை. மலை தேவையில்லை, நோன்பும் கட்டாயமில்லை. வழியும் நடையும் போதும். ‘நடை’யில் இன்னொரு வசதி. “ஒரு நடை போயிட்டு வந்துடறேன்” என்கிறோமே, அந்த நடையில் போவதும் இருக்கிறது, திரும்பி வருவதும் இருக்கிறது. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் ‘ராந்தோனே’ என்றதும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் சுற்றைத்தான். ஆகவே ‘ராந்தோனர்’ வந்த இடத்திலெல்லாம் வழிநடையர் என்று எழுதினேன். பதிப்பாசிரியர் பிறகு அதை ‘நடைபயணி’ ஆக்கினார். அதில் தவறில்லை, ஆனால் என் கையெழுத்துப் படியில் வழிநடையர்தான் இருக்கிறார்.

அந்தப் பிரெஞ்சுக் கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்லவில்லையே. பிரான்ஸில் ‘பெரு ராந்தோனே’ என்று பெயரிட்டு, வெள்ளையும் சிவப்புமாகக் கோடு தீட்டி அடையாளம் வைத்த நெடும்பாதைகள் இன்று அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையும் பிரனே மலையும் இருக்கும் அந்த நாட்டில், இந்தப் பாதைகளில் முதலாவதாகக் கோடு தீட்டியது 1947-இல், லுவார் ஆற்றின் ஓரமாக. ஓர்லியான் நகரத்துக்கும் போஷான்சி என்ற சிற்றூருக்கும் நடுவே. கட்டுரை அந்தக் கரையைப் பற்றியது. அவர்களும் ஆத்தோடதான் புறப்பட்டிருக்கிறார்கள்.

காவிரிக் கரையில் இப்படிப்பட்ட சுற்றுவழி ஒன்று யாரும் கோடு தீட்டாமலே இருக்கிறது. சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் அம்மனோடும், நந்தியும் சுயசாம்பிகையும் உடன்வர, பல்லக்கில் புறப்படுவார். திருமழபாடியில் நடந்த நந்தி கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்பது கதை. பழனத்திலிருந்து பழம் வந்ததாம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து அணிகலன், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய். நெய்த்தானம்தான் இன்று தில்லைஸ்தானம். இந்தப் பெயர் விளக்கங்களைச் சொல்லாய்வு ஏற்காது. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே மேடிட்ட நிலம் என்பது மட்டும் உறுதி. ஆனால் ஆறு ஊர்களும் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர் தூக்கி வந்தவை என்று நினைத்துக்கொண்டு நடப்பதில் உள்ள உறவு, எந்த வேர்ச்சொல் ஆய்வாலும் கிடைக்காதது. பூந்துருத்தியில்தான் அப்பர் மடம் அமைத்துத் தங்கினார். கயிலைக்குக் கால் தேய நடந்தவர், அங்கே சம்பந்தர் வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

பழனம் காவிரிக்கு வடகரை. சோற்றுத்துறை தென்கரைப் பக்கம். பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானத்துக்கு மறுபடி வடகரைக்கு வர வேண்டும். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடினால் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். சித்திரையில் காவிரியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. பல்லக்குத் தூக்கிகள் கரையிலிருந்து சரிந்து இறங்கி, வெறுங்காலோடு மணலில் நடப்பார்கள். பின்னால் பெண்களும் குழந்தைகளும் தீவட்டிக்காரர்களும் நாயனக்காரர்களும். தில்லைஸ்தானத்துக்கு எதிரே ஆற்றுக்குள்ளேயே பல்லக்குகள் கூடும், வாணம் விடுவார்கள். பிறகு எல்லோரும் திருவையாற்றுக்குத் திரும்புவார்கள். அங்கே பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும்.

போன முறை கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். சிறுமி மணலில் நின்று, “அப்பாயி, இது வழியா, ஆறா?” என்று கேட்டாள். “ஆறுதான்டி, நட” என்றார் பாட்டி.